நுகர்வோர் கேள்வி-பதில்: ஃபிஷ்போன் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கும் முன்

கேள்வி: லாஸ் ஏஞ்சலிஸில் வேலை பார்க்கிறேன். கல்லூரி நாள்களில் கேட்டுப் பழகிய ஃபிஷ்போன் குழு எங்கள் பகுதியில் உள்ள ஒரு கிளப்பில் பாட வருகிறது. பழைய ஆட்களில் பெரும்பாலோர் இப்போது குழுவில் இல்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பெயர் மட்டும் மிஞ்சியிருக்கும் குழுவுக்குப் பணம் கொடுத்துப் போவது தகுமா?

பதில்: தகும் என்பதே என் கருத்து. ஆனால் எதற்காகப் பணம் கொடுக்கிறீர்கள் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஸ்கா, ஃபங்க், பங்க் ராக் ஆகிய இசைவகைகளைக் கலந்து வாசிக்கும் ஃபிஷ்போன் 1979-இல் உங்கள் நகரத்திலேயே பிறந்த குழு. கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்க வேண்டும் என்பதற்காக, நகரின் தென்பகுதி மாணவர்களைப் பேருந்தில் ஏற்றி சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்குப் பள்ளிகளுக்கு அனுப்பிய காலம் அது. அப்படிப் போய்வந்த சிறுவர்களும், பள்ளத்தாக்கிலேயே குடியிருந்த ஆஞ்சலோ மூரும் சேர்ந்து தொடங்கியதுதான் இந்தக் குழு. நார்வுட் ஃபிஷர் பேஸ் கிட்டார், அவருடைய தம்பி ஃபிலிப் ஃபிஷர் டிரம்ஸ், கெண்டல் ஜோன்ஸ் கிட்டார், வால்டர் கிப்பி டிரம்பெட், கிறிஸ் டௌட் கீபோர்டும் டிரம்போனும், ஆஞ்சலோ மூர் பாட்டும் சாக்சஃபோனும் என்று அறுவர். 1985-இல் கொலம்பியா நிறுவனத்தில் முதல் தட்டு, 1988-இலும் 1991-இலும் பெயர் வாங்கிய ஆல்பங்கள், 1993-இல் லோலபலூசா என்னும் இசைவிழாவின் சுற்றுப்பயணம் என்று வளர்ந்தார்கள். தட்டு விற்பனை அவர்களுடைய திறமைக்கு ஒருபோதும் ஈடாக இருந்ததில்லை. பின்னாளில் பெரும்புகழ் பெற்ற நோ டவுட், ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் போன்ற குழுக்களின் கலைஞர்களே இவர்களைக் கொண்டாடிப் பேசுவதற்குக் காரணம் இவர்கள் மேடையில் காட்டிய வேகம்.

ஆள் மாற்றம் 1993-லேயே தொடங்கிவிட்டது. அந்த ஆண்டில் கெண்டல் ஜோன்ஸ் விலகினார். அடுத்து கிறிஸ் டௌட் போனார். 1990-களின் இறுதியில் ஃபிலிப் ஃபிஷரும் போனார். வால்டர் கிப்பி சில ஆண்டுகள் விலகியிருந்துவிட்டுத் திரும்பினார், டௌட் 2018-இல் திரும்பினார், பிறகு மீண்டும் ஒரு பெரிய மாற்றம் வந்தது. 2025-இல் வெளிவந்த ஆல்பத்தில் முதல் அறுவரில் மூரும் டௌடும் மட்டுமே இருக்கிறார்கள். ஆகவே ஃபிஷர் சகோதரர்களின் பேஸும் டிரம்ஸும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஓடுவதைக் கேட்கத்தான் இத்தனை ஆண்டுகள் காத்திருந்தீர்கள் என்றால், இந்த டிக்கெட்டில் அது கிடைக்காது. அதை மனத்தில் வைத்துக்கொண்டே முடிவெடுங்கள்.

கிடைப்பது என்ன? ஜமைக்காவில் பிறந்த ஸ்கா இசையில் கிட்டாரும் கீபோர்டும் தாளத்தின் எடுப்பில் விழாமல், ஒரு தாள அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைப்பட்ட இடத்தில் வெட்டி வெட்டி விழும். ஃபங்க் பாட்டில் பேஸ் கிட்டாரின் தந்தியைக் கட்டைவிரலால் அடித்து, அடுத்த விரலால் சுண்டி இழுப்பார்கள். இவை இரண்டையும் பங்க் ராக்கின் வேகத்தோடு ஒரே பாட்டுக்குள் வைத்துத் தைப்பவை டிரம்பெட், சாக்சஃபோன், டிரம்போன் ஆகிய ஊதுகருவிகள். அவை இல்லாமல் போனால் மிஞ்சுவது சத்தமான ராக் கச்சேரிதான். எனவே இந்த வகைக் குழுவுக்கு டிக்கெட் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, இந்தப் பயணத்தில் ஊதுகருவிக்காரர்கள் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைத்தான். செலவைக் குறைக்க ஒரே ஒருவரை அழைத்துவந்து, மற்றவர்களுடைய பகுதியைக் கீபோர்டில் வாசித்து ஒப்பேற்றும் குழுக்களும் இருக்கின்றன. பாட்டை நன்றாக அறிந்த காது அதை முதல் நிமிடத்திலேயே கண்டுகொள்ளும்.

இதைச் சரிபார்ப்பது கடினமில்லை. இதே பயணத்தில் சில நாள்களுக்கு முன் வேறு ஊரில் நடந்த நிகழ்ச்சியின் காணொளியைத் தேடி எடுங்கள்; குழுவே வெளியிட்ட அழகான துண்டைப் பார்க்காமல், கூட்டத்தில் நின்ற யாரோ கைப்பேசியில் எடுத்ததைப் பாருங்கள். மேடையின் ஓரம் வரை கண்ணை ஓட்டி, யார் கையில் என்ன கருவி என்று பாருங்கள். ஆஞ்சலோ மூர் ஒரே இரவில் பல அளவு சாக்சஃபோன்களை மாற்றி மாற்றி எடுப்பவர். தொடாமலே வாசிக்கும் தெரமின் கருவியின் மேல் கையை அலையவிட்டு ஓலமிடவைப்பவர். அந்தக் கருவிகள் மேடையில் தெரிகின்றனவா, அவர் இன்னும் அதே மூச்சோடு ஊதுகிறாரா என்பதற்கு அந்தக் காணொளியே சாட்சி. ஆள் மாறிவிட்டது என்று பின்னால் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. டிக்கெட் விதிகளில் பொதுவாக ‘கலைஞர்கள் மாறுதலுக்கு உட்பட்டவர்கள்’ என்னும் வரி இருக்கும். விசாரிக்க வேண்டியதை வாங்கும் முன்பே விசாரித்துவிட வேண்டும்.

கேள்வி: அரங்கத்தின் பக்கத்தில் ஒரு விலையும், தேடுபொறியில் முதலில் வரும் தளத்தில் அதைப்போல் இரண்டு மடங்கு விலையும் காட்டுகிறார்கள். பணம் செலுத்தும் கட்டத்தில் சேவைக் கட்டணம் வேறு சேர்கிறது. எதை நம்புவது?

பதில்: தேடுபொறியில் முதலில் நிற்பது பெரும்பாலும் விளம்பரத்துக்குப் பணம் கட்டிய மறுவிற்பனைத் தளமாக இருக்கும். அரங்கத்தின் பெயரையே தன் முகவரியில் செருகிக்கொண்டு, அரங்கத்தின் சொந்தத் தளம்போலத் தோற்றம் காட்டுபவையும் உண்டு. ஆகவே குழுவின் அதிகாரபூர்வப் பக்கத்தில் உள்ள பயண அட்டவணையிலிருந்து தொடங்கி, அங்கே கொடுத்திருக்கும் இணைப்பின் வழியாகவே செல்லுங்கள். மறுவிற்பனைக்காரர்களில் சிலர் தம் கையில் டிக்கெட்டே இல்லாமல், பின்னால் மலிவாக வாங்கிக் கொடுத்துவிடலாம் என்ற கணக்கில் இன்றே பட்டியலிட்டு விற்கிறார்கள். வெறுங்கையால் முழம் போடும் இந்த வியாபாரத்தில், அவர்களுக்கு டிக்கெட் கிடைக்காவிட்டால் கடைசி நேரத்தில் வாசலில் நிற்கப்போவது நீங்கள்தான்.

கட்டணத்தைப் பற்றி: அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் விதி 2025 மே 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. கட்டாயமாக வசூலிக்கும் எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த மொத்தத் தொகையை, விலையை முதன்முதலில் காட்டும் இடத்திலேயே, மற்ற எந்தத் தொகையையும்விட எடுப்பாகக் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். அரசு வரி, அனுப்பும் செலவு போன்றவற்றைப் பின்னால் சேர்க்கலாம். கலிஃபோர்னியாவில் இதே நோக்கம் கொண்ட மாநிலச் சட்டம் 2024 ஜூலையிலிருந்தே இருக்கிறது. நீங்கள் சொல்வதுபோல் கடைசிக் கட்டத்தில் ஒரு கட்டாயக் கட்டணம் முளைத்தால், முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொண்டு ஆணையத்திடம் புகார் செய்யலாம். விற்பனைத் தளத்தின் கட்டுப்பாடுகளை மீறித் தானியங்கி நிரல்களை ஏவி டிக்கெட்டுகளை மொத்தமாக அள்ளுவது 2016-இல் இயற்றிய கூட்டாட்சிச் சட்டத்தின்படி சட்டவிரோதம் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

எல்லாவற்றையும்விட, அவசரப்படாதீர்கள். இது விளையாட்டரங்கத்தை நிரப்பும் நட்சத்திரப் பாடகரின் நிகழ்ச்சி இல்லை. சில நூறு பேரோ, ஆயிரத்துச் சொச்சம் பேரோ நின்று கேட்கும் கூடம். இருக்கை எண் கிடையாது. இரண்டு மடங்கு விலை கொடுத்தவரும் அச்சிட்ட விலை கொடுத்தவரும் ஒரே தரையில்தான் நிற்பார்கள். கவுண்டரில் நேரில் வாங்கினால் பல அரங்குகளில் இணையச் சேவைக் கட்டணம் குறையும், சிலவற்றில் அறவே இருக்காது. கவுண்டர் திறந்திருக்கும் நேரத்தை மட்டும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போங்கள்.

கேள்வி: நிகழ்ச்சியைத் தள்ளிவைத்துவிட்டார்கள். புதிய தேதியில் நான் ஊரில் இருக்கமாட்டேன். ‘டிக்கெட் புதிய தேதிக்கும் செல்லும்’ என்பதோடு மின்னஞ்சல் முடிந்துவிட்டது.

பதில்: கலிஃபோர்னியாவில் வாங்கிய டிக்கெட் என்றால் அந்த மின்னஞ்சலோடு நீங்கள் நின்றுவிட வேண்டியதில்லை. ரத்தான நிகழ்ச்சிக்கு மட்டுமல்லாமல், தள்ளிவைத்த நிகழ்ச்சிக்கும் வாங்கியவர் கேட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று மாநிலச் சட்டம் சொல்கிறது; கேட்ட நாளிலிருந்து 30 நாள் கெடு. கேட்டால்தான் தருவார்கள் என்பதால், எழுத்தில் கேளுங்கள். கடனட்டையில் செலுத்தியிருந்து விற்பனையாளர் பதிலே சொல்லாவிட்டால், அந்தத் தொகை இடம்பெற்ற கணக்கறிக்கை அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள். புதிய தேதி வரட்டும் என்று காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிடுகிறவர்கள்தாம் அதிகம். மற்ற மாநிலங்களில் விதி வேறுபடும். அங்கே விற்பனையாளரின் விதிமுறையையும் அந்த மாநிலச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பதினாறு வயது மகனையும் அழைத்துப்போக நினைக்கிறேன். பாடகர் கூட்டத்தின் மேல் பாய்வார் என்று கேள்விப்பட்டேன். பாதுகாப்பு எப்படி?

பதில்: முதலில் வயது வரம்பைப் பாருங்கள். மது விற்கும் பல கிளப்புகளில் 18 அல்லது 21 வயது நிரம்பாதவரை, பெற்றோர் உடன் வந்தாலும் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். ‘எல்லா வயதினரும்’ என்று தெளிவாகப் போட்டிருந்தால் மட்டுமே மகனுக்கு டிக்கெட் எடுங்கள்.

பாய்வது பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மை; இந்தக் குழுவின் மேடை வழக்கத்தில் அது நெடுங்காலமாக ஒரு பகுதி. அதனால் கடுமையான காயமும் நேர்ந்திருக்கிறது. 2010-இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த நிகழ்ச்சியில் ஆஞ்சலோ மூர் மேடையிலிருந்து பாய்ந்தபோது, கூட்டத்தில் நின்ற ஒரு பெண்ணின் மண்டையோடும் காறையெலும்பும் முறிந்தன. 2014-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கு ஏறத்தாழ 14 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. நெரிசல், சத்தம் போன்ற வழக்கமான அபாயங்களை வாங்குபவர் ஏற்றுக்கொள்கிறார் என்று டிக்கெட்டின் பொடி எழுத்தில் எழுதியிருப்பார்கள். அந்த வரியைக் காட்டி எல்லாப் பொறுப்பையும் தட்டிக்கழித்துவிட முடியாது. ஆனாலும் நீதிமன்றம் தருவது பணம் மட்டுமே. மேடைக்கு நேர் முன்னால் ஒருவரையொருவர் மோதி ஆடும் வட்டம் உருவாகும் இடத்தை விட்டு விலகி, ஒலிக் கட்டுப்பாட்டு மேசைக்குச் சற்று முன்னால் பக்கவாட்டில் நில்லுங்கள். பாய்ச்சல் அங்கே எட்டாது, மேடையும் மறையாது. அந்த மேசையில் இருப்பவர் தம் காதுக்கு ஏற்பத்தான் ஒலியைச் சமன் செய்கிறார் என்பதால், டிரம்பெட்டும் பேஸும் தனித்தனியாகத் தெளிந்து கேட்கும் இடமும் அதுதான்.

காதடைப்பான் இல்லாமல் மகனை அழைத்துப்போகாதீர்கள். 85 டெசிபெல் ஒலியை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது பணியிடப் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனத்தின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெலில் அது கால் மணி நேரம்தான். பஞ்சுபோன்ற நுரை அடைப்பான் மலிவானது, ஆனால் மேல்ஸ்தாயியை அதிகமாக விழுங்கி ஊதுகருவிகளை மழுங்கடித்துவிடும். ஒலியைச் சீராகக் குறைக்கும் வடிகட்டி வைத்த அடைப்பான்கள் இருபது, முப்பது டாலருக்குள் கிடைக்கின்றன. இந்த இசைக்கு நான் அவற்றையே வாங்கச் சொல்வேன்.

கேள்வி: சென்னையில் இருக்கிறேன், நேரில் பார்க்க வாய்ப்பில்லை. மேடை அனுபவத்துக்கு நெருக்கமாக எதை வாங்கலாம்?

பதில்: 2002-இல் வெளிவந்த ‘லைவ் அட் தி டெம்பிள் பார் அண்ட் மோர்’ ஒரு சிறிய கூடத்தின் நெருக்கத்தைக் காட்டும் நேரடிப் பதிவு. அதற்கு முன், குழுவின் வரலாற்றைச் சொல்லும் ‘எவரிடே சன்ஷைன்’ என்ற 2010-ஆம் ஆண்டு ஆவணப்படத்தைப் பார்த்துவிடுங்கள். லாரன்ஸ் ஃபிஷ்பர்ன் குரல் கொடுத்த அந்தப் படத்தில் பழைய மேடைக் காட்சிகள் நிறைய இருக்கின்றன.

ஸ்டுடியோ ஆல்பத்தில் ஒன்றே ஒன்று என்றால் 1988-இன் ‘ட்ரூத் அண்ட் சோல்’. அறுவரும் ஒன்றாக இருந்த காலத்தின் வலிமை அதில் கேட்கிறது. அதன் பழைய வினைல் தட்டை இணையத்தில் வாங்கினால், தட்டின் நிலைக்கும் உறையின் நிலைக்கும் விற்பவர் தனித்தனித் தரம் குறிப்பிட்டிருக்கிறாரா என்று பாருங்கள். உறையின் படத்தை மட்டும் காட்டி ‘நல்ல நிலை’ என்று எழுதுபவரிடம் வாங்க வேண்டாம். பாட்டு முடிந்து தட்டின் நடுவிலுள்ள காகித வட்டத்துக்கு முன் ஒரு வெற்று வளையம் இருக்கும். அதில் பொறித்திருக்கும் எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முதல் அச்சு என்று சொல்லிப் பிற்கால மறுபதிப்பை அதிக விலைக்குத் தள்ளுகிறார்களா என்பதை, தட்டுப் பட்டியல் தளங்களில் அந்த எண்ணை ஒப்பிட்டு அறியலாம். அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் அஞ்சல் செலவும் சுங்க வரியும் சேர்ந்து தட்டின் விலையையே எட்டிவிடக்கூடும். அங்கே உறவினர் யாராவது கச்சேரிக்குப் போகிறார்கள் என்றால், அரங்கின் வாசலருகே குழுவினர் போடும் விற்பனை மேசையில் கிடைப்பதை வாங்கி வரச் சொல்லுங்கள். பல அரங்குகள் அந்த விற்பனையிலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன என்றாலும், இணையத்தில் பாட்டுக் கேட்பதால் கலைஞர்களுக்குப் போய்ச் சேரும் காசைவிட அந்த மேசையில் சேர்வது அதிகம்.