டிக்கெட் ஒரு கம்பெனி, விமானம் இன்னொரு கம்பெனி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அக்டோபர் கடைசி ஞாயிறு விமான நிறுவனங்களின் குளிர்கால அட்டவணை தொடங்கும். ஐரோப்பாவில் கோடைக்கால சுற்றுலா ஓய்ந்து, அங்குள்ள சார்ட்டர் கம்பெனிகளின் (சுற்றுலாக் குழுக்களுக்காக விமானம் ஓட்டுபவர்கள்) விமானங்கள் சும்மா நிற்கும் நேரம் அது. நமக்கோ தீபாவளி, மார்கழி சீசன், பொங்கல், கல்யாண மாதம் என்று கூட்டம் அலைமோதும். அங்கே சும்மா நிற்பது இங்கே வாடகைக்கு வந்துவிடுகிறது. அதைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

புக் பண்ணும்போது ஏர்பஸ் 320 என்று இருந்தது. இப்போது 738 என்று மாறியிருக்கிறது. அந்த கம்பெனியிடம் போயிங்கே கிடையாதே? – வேளச்சேரி

நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். 738 என்றால் போயிங் 737-800. ஏர்பஸ் மட்டுமே ஓட்டும் நிறுவனத்தின் டிக்கெட்டில் அந்த எண் வந்தால் அது அநேகமாக வெட் லீஸ் அல்லது டேம்ப் லீஸ் விமானம். வெட் லீஸில் விமானம், ஊழியர்கள், பராமரிப்பு, இன்சூரன்ஸ் நான்கும் வாடகைக்கு விடுபவருடையவை. எரிபொருள், விமான நிலையக் கட்டணம், சாப்பாடு எல்லாம் வாடகைக்கு எடுப்பவர் செலவு. டேம்ப் லீஸில் பைலட்டுகள் அவர்கள் ஆட்கள், கேபினில் பரிமாறுபவர்களில் பெரும்பாலோர் நம் ஆட்கள். இந்தியாவில் இரண்டாவது வகைதான் அதிகம் கண்ணில் படுகிறது. 2023-இல் இண்டிகோ டெல்லி–இஸ்தான்புல் தடத்தில் டர்க்கிஷ் ஏர்லைன்ஸின் 777-ஐயும், 2025 மார்ச்சில் டெல்லி–பாங்காக் தடத்தில் நார்வேயின் நார்ஸ் அட்லாண்டிக்கிடமிருந்து 787-9-ஐயும் இப்படித்தான் பறக்கவிட்டது.

இப்படி வாடகைக்கு எடுக்கும் தேவை வந்ததற்குக் காரணங்கள் இரண்டு. ஏர்பஸும் போயிங்கும் புது விமானங்களைச் சொன்ன தேதிக்குத் தருவதில்லை. அதோடு 2023 ஜூலையில், ஏ320நியோ விமானங்கள் பலவற்றில் உள்ள பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் கியர்டு டர்போஃபேன் எஞ்சின்களில் உலோகத்தூள் குறைபாடு வெளியானது. சோதனைக்காக உலகெங்கும் ஏ320நியோ விமானங்கள் எஞ்சின் இல்லாமல் நின்றன.

உறுதி செய்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. பயண நாளன்று விமானத்தைக் காட்டும் செயலியில் உங்கள் ஃபிளைட் எண்ணைத் தட்டி, பதிவு எழுத்தைப் பாருங்கள். இந்திய விமானம் என்றால் விடி என்று தொடங்கும். டிசி துருக்கி, எல்ஒய் லிதுவேனியா, 9எச் மால்டா, எல்என் நார்வே.

நான் ஆறடி. வாடகை விமானத்தில் முட்டி இடிக்குமா? – அம்பத்தூர்

இடிக்கலாம். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் இடத்தில் அல்ல. எல்லோரும் கேட்பது பிட்ச், அதாவது ஒரு சீட்டின் ஒரு புள்ளியிலிருந்து முன் சீட்டின் அதே புள்ளி வரையிலான தூரம். சார்ட்டர் கம்பெனிகளின் 737-800 பெரும்பாலும் 189 சீட், எல்லாமே எக்கானமி, பிட்ச் 29 முதல் 30 அங்குலம். நம்மூர் பட்ஜெட் விமானங்களோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. முதுகுப் பகுதி மெல்லியதா தடிமனா என்பதுதான் முட்டிக்கு இடம் தருகிறது. பழைய தடித்த சீட்டில் 30 அங்குலமும் புது மெல்லிய சீட்டில் 29 அங்குலமும் கிட்டத்தட்ட ஒன்றே.

தெரியும் மாற்றம் தோளில்தான். ஏ320-இன் கேபின் உள் அகலம் 3.70 மீட்டர், 737-இல் சுமார் 3.54 மீட்டர். இரண்டிலும் ஒரு வரிசைக்கு ஆறு சீட், நடுவில் ஒரு நடைபாதை. குறையும் 16 செ.மீ.யை ஆறு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு அங்குலம் போகிறது. பாங்காக் வரை நடு சீட்டில் போனால் அந்த ஓர் அங்குலத்தின் மதிப்பு தெரியும். பெரிய விமானங்களிலும் இதே கணக்குதான்: 787-இல் ஒன்பது சீட் வரிசையில் ஒரு சீட் ஏறத்தாழ 17 அங்குலம், ஏ330-இல் 2-4-2 அமைப்பு என்றால் 18. அதே ஏ330-இல் 3-3-3 போட்டிருந்தால் ஓடிவிடுங்கள், 16.5-ஐ ஒட்டி வரும். 787-க்கு ஒரு ஈடு உண்டு. கேபின் அழுத்தம் 6,000 அடி உயரத்துக்குச் சமமாக வைக்கப்படுகிறது, மற்ற பெரும்பாலான விமானங்களில் அது 8,000 அடி வரை போகும். இறங்கும்போது தலை பாரம் குறைவாக இருக்கும்.

இன்னொன்று. 737-800-இல் 10 முதல் 12-ஆம் வரிசைக்குள் இடப்பக்கம் ஓர் இடத்தில் ஜன்னலே இருக்காது. ஏசி குழாய் சுவருக்குள் மேலே ஏறும் இடம் அது. 189 சீட் அமைப்பில் பெரும்பாலும் 11ஏ. 'விண்டோ சீட்' என்று காசு வாங்கிக்கொண்டு சுவரைக் காட்டுவார்கள். அவசர வழி வரிசைகள் இரண்டு அடுத்தடுத்து இருந்தால் பின்னால் உள்ளதை எடுங்கள், முன்னால் உள்ளது சாயாது.

அம்மாவுக்கு முட்டிவலி. கூடுதல் காசு கொடுத்து எடுத்த முன் வரிசை சீட், விமானம் மாறியதும் 23-க்குப் போய்விட்டது. – மயிலாப்பூர்

விமான வகை மாறும்போது பழைய சீட் மேப்பை புது மேப்பின் மேல் கம்ப்யூட்டரே பொருத்துகிறது. பொருந்தாதவர்களைக் காலியாக இருக்கும் இடத்தில் போடுகிறது. யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்வதில்லை. அதனால் முந்திக்கொள்பவருக்கே நல்ல சீட். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு, 72 மணி முன்பு, வெப் செக்-இன் திறந்தவுடன் என்று மூன்று முறை பி.என்.ஆர். போட்டுப் பாருங்கள். சீட் எண்ணும் விமான வகையும் தெரியும்படி ஒவ்வொரு முறையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

மாறியிருந்தால் வாட்ஸ்அப் சாட்பாட்டோடு மல்லுக்கட்டாமல் கால் சென்டரில் மனிதரைப் பிடித்து, இணையான சீட் கேளுங்கள். இல்லையென்றால் சீட் கட்டணத்தைத் திரும்பக் கேளுங்கள். கொடுக்காத சேவைக்கு வாங்கிய பணம் அது. மத்திய அரசின் ஏர்சேவா இணையதளத்தில் புகார் எண் போட்டுவிட்டு அந்த எண்ணோடு மீண்டும் மெயில் அனுப்பினால் பதில் வேகமாக வரும். அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மீனம்பாக்கத்தில் கவுண்டருக்கு முன்னதாகவே போய்விட்டால் முட்டிவலியைச் சொல்லிக் கேட்கலாம். அவசர வழி வரிசையை மட்டும் கேட்காதீர்கள், முட்டிவலி உள்ளவருக்கு அது கிடைக்காது.

பிசினஸ் கிளாஸ் டிக்கெட். வந்த விமானத்தில் பிசினஸ் கிளாஸே இல்லை என்றார்கள். – அண்ணா நகர்

இதற்குத் தெளிவான விதி இருக்கிறது. விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2023 பிப்ரவரி 15 முதல் அமலாக்கிய திருத்தப்படி, உங்கள் விருப்பமில்லாமல் கீழ் வகுப்புக்கு இறக்கினால் உள்நாட்டுப் பயணத்தில் வரி உட்பட டிக்கெட் விலையில் 75 சதவீதம் திரும்ப வர வேண்டும். வெளிநாடு என்றால் தூரத்தைப் பொறுத்தது. 1,500 கி.மீ. வரை 30 சதவீதம், 3,500 வரை 50, அதற்கு மேல் 75. சென்னையிலிருந்து கொழும்பு முதல் வகை, சிங்கப்பூரும் துபாயும் இரண்டாவது, லண்டன் மூன்றாவது. இரண்டு வகுப்புக்கும் உள்ள 'கட்டண வித்தியாசம்' தருகிறோம் என்று சமாதானம் சொல்வார்கள். எக்கானமியின் அன்றைய கடைசி நேர விலையை வைத்துக் கழித்தால் வித்தியாசம் பூஜ்யத்துக்கே வந்துவிடும். சதவீதக் கணக்கையே கேளுங்கள். கீழ் வகுப்பு போர்டிங் பாஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

சூடான சைவச் சாப்பாடு புக் செய்தேன். ஆறிப்போன சாண்ட்விச் வந்தது. – நங்கநல்லூர்

விமானத்தில் உள்ள சமையல் மேடையின் வேலை இது. சாப்பாட்டுத் தள்ளுவண்டிகளுக்கு உலகில் அட்லஸ், கேஎஸ்எஸ்யூ என இரண்டு அளவு முறைகள் உண்டு. வாடகை விமானத்தின் மேடை ஒரு முறையிலும் இங்குள்ள கேட்டரிங் வண்டிகள் இன்னொன்றிலும் இருந்தால் வண்டி உள்ளே நுழையாது, நுழைந்தாலும் பூட்டாது. பூட்டாத வண்டியை ஏற்றிக்கொண்டு கிளம்ப முடியாது. சார்ட்டர் விமானங்கள் சிலவற்றில் அடுப்பும் குறைவு. அதனால் பெட்டியில் வைத்துத் தரும் ஆறின சாப்பாட்டுக்கு மாறிவிடுகிறார்கள். விமான வகை மாறியதாக மெயில் வந்தால் ஸ்பெஷல் மீல் பதிவு அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் சீட்டோடு அதுவும் காணாமல் போகும். எதற்கும் கைப்பையில் இரண்டு இட்லி மிளகாய்ப்பொடி தடவி எடுத்துக்கொள்ளுங்கள். சட்னி, சாம்பார் வேண்டாம், பாதுகாப்புச் சோதனையில் போய்விடும்.

பழைய வெளிநாட்டு விமானம். பாதுகாப்பானதுதானா? – திருவொற்றியூர்

வயதை வைத்துப் பயப்பட வேண்டாம். பறக்கும் உரிமமும் பராமரிப்பும் வாடகைக்கு விடும் நிறுவனத்தின் நாட்டுக் கண்காணிப்பில் இருக்கும். டிஜிசிஏ அனுமதித்த காலத்துக்கு மட்டுமே இங்கு ஓடும். கிழிந்த சீட் உறையும் வேலை செய்யாத சார்ஜிங் பாயின்ட்டும் எரிச்சல்தான், ஆபத்து அல்ல.

பாதுகாப்பு விளக்கத்தை மட்டும் இந்த முறை கவனியுங்கள். ஏ320-இல் இறக்கை மேல் உள்ள அவசரக் கதவு கையோடு கழன்று வரும், சுமார் 15 கிலோ. அதைத் தூக்கி வெளியே எறிய வேண்டும். 737-800-இல் கைப்பிடியை இழுத்தால் கதவு தானாக மேல் நோக்கித் திறந்துகொள்ளும். பழக்கதோஷத்தில் ஒன்றை இன்னொன்று என்று நினைத்தால் அந்த நேரத்தில் தடுமாற்றம்தான்.

ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சென்னை வரும் விமானம் வேறு கம்பெனியுடையது. ஐந்து மணி நேரம் தாமதம். யாரிடம் கேட்பது? – பெருங்குடி

டிக்கெட் விற்றவரிடம். ஐரோப்பிய ஒன்றிய நாட்டிலிருந்து கிளம்பும் எந்த விமானத்துக்கும் தாமத இழப்பீட்டுக்கான ஐரோப்பிய 261-ஆம் எண் விதிமுறை பொருந்தும். 3,500 கி.மீ.க்கு மேல் உள்ள தடத்தில் நான்கு மணி அல்லது அதற்கும் அதிகத் தாமதத்துக்கு 600 யூரோ, மூன்றிலிருந்து நான்கு மணிக்குள் என்றால் பாதி. அசாதாரணச் சூழ்நிலை என்று அவர்கள் நிரூபித்தால் மட்டும் கிடைக்காது. சாதாரண எஞ்சின் கோளாறு அதில் சேராது. 'நாங்கள் ஓட்டவில்லை, விமானக்காரரைக் கேளுங்கள்' என்று திருப்பிவிட்டால், 2018-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த வெட் லீஸ் தீர்ப்பைச் சுட்டிக்காட்டுங்கள். விமானத்தையும் ஆட்களையும் வாடகைக்கு விட்டவர் அல்ல, அந்தப் பயணத்தை நடத்தத் தீர்மானித்த நிறுவனமே பொறுப்பு என்கிறது அது.

ஒரு நிறுவனத்தின் ஃபிளைட்டை இன்னொரு நிறுவனமும் தன் எண்ணில் விற்கும் கோட் ஷேரோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே விமானத்தை ஓட்டும் நிறுவனம் தன் சொந்த ஃபிளைட்டைத்தான் ஓட்டுகிறது, இழப்பீடும் அதனிடம்தான் கேட்க வேண்டும்.

பெட்டி உடைந்தால் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கைக்கு வந்ததிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். பெட்டி வரும் பெல்ட் பகுதியை விட்டு வெளியே வருவதற்கு முன்பே கவுண்டரில் புகார் சீட்டு வாங்கிவிடுங்கள்.

எல்லா கம்பெனியின் விமானமும் வாடகைதான் என்கிறார்களே? – தாம்பரம்

பெரும்பாலானவை அப்படித்தான், ஆனால் அது டிரை லீஸ். அயர்லாந்திலோ வேறெங்கோ உள்ள நிதி நிறுவனத்துக்குச் சொந்தமான விமானம், நம் நிறுவனத்தின் வண்ணம், நம் சீட், நம் பைலட், விடி பதிவு. பயணிக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. வாடகை பாக்கி விழுந்து நிறுவனம் கவிழும்போதுதான் தெரியும்.

ஐந்து மாதக் குழந்தையோடு போகிறோம். தொட்டில் கிடைக்குமா? – போரூர்

தொட்டில் மாட்டும் இடம் பெரிய விமானங்களில் தடுப்புச் சுவருக்கு முன் உள்ள வரிசையில் மட்டும்தான். 737, ஏ320 போன்ற ஒற்றை நடைபாதை பட்ஜெட் விமானங்களில் எதிர்பார்க்க வேண்டாம். வாடகை விமானம் பெரியதாக இருந்தாலும் சுவரில் கொக்கி இருக்கிறதா, எடை வரம்பு எத்தனை கிலோ என்பது அந்த விமானத்தைப் பொறுத்தது. டிக்கெட் விற்றவரின் இணையதளத்தில் இருக்கும் தகவல் அவர்களின் சொந்த விமானத்துக்கானது. விமான வகையைச் சொல்லி கால் சென்டரில் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். தொட்டில் இல்லை என்றால் ஜன்னல் சீட்டையும் அதை ஒட்டிய நடு சீட்டையும் இருவரும் எடுங்கள். தோளில் கட்டும் துணித் தூளியும் ஒன்று எடுத்துப்போங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் அதை அவிழ்த்து, ஊழியர் தரும் குழந்தை பெல்ட்டை உங்கள் பெல்ட்டில் மாட்டிக்கொள்ளச் சொல்வார்கள்.