என்டிடிஎஸ்.டிட் ஃபைலுக்குள் என்ன இருக்கிறது: கேள்வி பதில்

விண்டோஸ் சர்வரில் ஆக்டிவ் டைரக்டரி (ஒரு நிறுவனத்தின் யூசர், கம்ப்யூட்டர் கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் சேவை) தன் தரவை எந்த ஃபைலில், எப்படி வைத்திருக்கிறது என்பது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

அண்ணா, டொமைன் கன்ட்ரோலரில் (ஆக்டிவ் டைரக்டரி ஓடும் சர்வரில்) விண்டோஸ் ஃபோல்டருக்குள் என்டிடிஎஸ் என்று ஒரு ஃபோல்டர், அதில் ஏழெட்டு ஃபைல்கள் கிடக்கின்றன. எதுதான் டேட்டாபேஸ்?

என்டிடிஎஸ்.டிட் மட்டும்தான் (இனி சுருக்கமாக டிட்). யூசர், குரூப், கம்ப்யூட்டர், ஸ்கீமா (எந்த வகை ஆப்ஜெக்ட்டுக்கு என்னென்ன விவரம் என்ற வரையறை), கான்ஃபிகரேஷன் எல்லாம் அந்த ஒரே ஃபைலில். மற்றதெல்லாம் அதைக் காப்பாற்ற இருப்பவை. எந்த மாற்றமும் முதலில் ஈடிபி.லாக்கில் எழுதப்படும், டிட்டுக்குள் அப்புறம் நிதானமாகப் போய்ச் சேரும். எது வரைக்கும் போய்ச் சேர்ந்தது என்று குறித்து வைப்பது ஈடிபி.சிஎச்கே. ஜேஆர்எஸ் என்று முடிகிற இரண்டு ஃபைல்களும் டிஸ்க் நிரம்பிவிட்டால் கையிலிருக்கும் வேலையை எழுதிவிட்டு ஒழுங்காக நிற்பதற்காக முன்கூட்டியே பிடித்து வைத்த இடம். டெம்ப்.ஈடிபி தற்காலிக வேலைக்கு. விண்டோஸ் சர்வர் 2016 முதல் ஜேஎஃப்எம் என்று இன்னொன்றும் இருக்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

ஈடிபி.லாக் எப்போதும் 10 எம்பிதான் காட்டுகிறது. பழைய லாக்குகளை அழித்தால் இடம் கிடைக்குமா சார்?

அழிக்காதீர்கள். 10 எம்பி என்பது முன்பே ஒதுக்கிய அளவு. உள்ளே கால்வாசி எழுதியிருந்தாலும் அதே அளவுதான் தெரியும். நிரம்பியதும் அது எண் போட்ட பெயருக்கு மாறி, புது ஈடிபி.லாக் பிறக்கும். டிட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிட்ட பழைய லாக்குகளை ஆக்டிவ் டைரக்டரி தானே நீக்கிக்கொள்ளும். கரண்ட் போய் சர்வர் பட்டென்று நின்றால், மறுபடி எழும்போது இந்த லாக்குகளைப் படித்துத்தான் டிட்டைச் சரிசெய்துகொள்கிறது. நீங்கள் இடம் மிச்சம் பிடிக்க அழித்தது அந்த நேரத்தில் தேவைப்பட்ட லாக்காக இருந்தால் டைரக்டரி சர்வீஸ் எழவே எழாது. சில பத்து எம்பிக்காக இந்த வம்பு எதற்கு?

ஓயூ (கணக்குகளைப் பிரித்து வைக்கும் பிரிவு) மரத்தில் கிளை கிளையாகத் தெரிகிறதே, ஃபைலுக்குள்ளும் அப்படித்தான் ஃபோல்டர் மாதிரி இருக்குமா?

நல்ல கேள்வி. இல்லை, உள்ளே மரமே கிடையாது, வெறும் டேபிள்கள். முக்கியமானது டேட்டாடேபிள். ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டும் (யூசர், குரூப் போன்றவை) ஒரு வரிசை, ஒவ்வொரு ஆட்ரிபியூட்டும் (பெயர் போன்ற விவரம்) ஒரு பத்தி. ஆயிரக்கணக்கில் பத்திகள் இருந்தாலும் மதிப்பு இல்லாதவை இடத்தை அடைப்பதில்லை. ஒவ்வொரு வரிசைக்கும் டிஎன்டி என்று ஓர் எண் உண்டு, கூடவே தன் பெற்றோரின் எண்ணை பிடிஎன்டி என்ற பத்தியில் வைத்திருக்கும். நீங்கள் திரையில் பார்க்கும் மரம் முழுக்க இந்த இரண்டு எண்களிலிருந்து கட்டியதுதான். பத்தாயிரம் பேர் உள்ள ஓயூவை வேறு இடத்துக்கு இழுத்துப் போட்டாலும் சட்டென்று முடிந்துவிடுகிறதே, காரணம் இதுதான்: அந்த ஓயூவின் வரிசையில் பெற்றோர் எண் மாறுகிறது, உள்ளே இருப்பவர்களின் பெற்றோர் அதே ஓயூதானே. ஆனால் மரபுவழி வரும் பெர்மிஷன்களையும் மூதாதையர் பட்டியலையும் பின்னணியில் ஒரு வேலை ஒவ்வொரு வரிசையாகப் போய்த் திருத்த வேண்டும், பெரிய ஓயூ என்றால் அதற்கு நேரம் எடுக்கும்.

குரூப் உறுப்பினர் விவரம் இதில் இல்லை, தனியாக லிங்க் டேபிளில் இருக்கிறது. குரூப்பின் எண், உறுப்பினரின் எண், அவ்வளவுதான். அதனால் யூசரைத் திறந்தால் தெரிகிற ‘மெம்பர் ஆஃப்’ யூசரிடம் எழுதி வைத்ததல்ல, அதே இணைப்பை மறுமுனையிலிருந்து படிப்பது. மூன்றாவது எஸ்டி டேபிள் (செக்யூரிட்டி டிஸ்கிரிப்டர், அதாவது பெர்மிஷன் விவரம்), விண்டோஸ் சர்வர் 2003 பதிப்பில் வந்தது: ஒரே மாதிரி பெர்மிஷன் உள்ள ஆயிரம் ஆப்ஜெக்ட்டுக்கும் அந்த விவரம் ஒரே ஒரு பிரதிதான். விண்டோஸ் 2000-இலிருந்து மேம்படுத்திய இடங்களில் டிட்டுக்குள் கணிசமான இடம் காலியானதற்கு இதுதான் காரணம்.

படிப்பு முடித்துப் போன மாணவர்களின் மூவாயிரம் கணக்குகளை நீக்கிவிட்டேன். டிட் ஒரு எம்பிகூடக் குறையவில்லையே!

இரண்டு காரணம். முதலாவது, நீக்கியது உடனே போய்விடாது. நீக்கிய செய்தி எல்லா டொமைன் கன்ட்ரோலருக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதால் 180 நாள் டூம்ப்ஸ்டோனாக, அதாவது நீக்கப்பட்டது என்ற அடையாளத்தோடு, இருக்கும் (2003 எஸ்பி1-க்கு முன் தொடங்கிய பழைய ஃபாரஸ்ட்களில், அதாவது டொமைன் தொகுப்புகளில், யாரும் மாற்றாவிட்டால் 60 நாள்). ரீசைக்கிள் பின் (நீக்கியதை மீட்க உதவும் வசதி) போட்டிருந்தால் இன்னும் நீளும். கெடு முடிந்ததும், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை ஓடும் கார்பேஜ் கலெக்ஷன் அவற்றைத் துடைக்கும்.

இரண்டாவது, துடைத்த இடம் ஃபைலுக்குள்ளேயே காலி இடமாக நிற்கும். ஆன்லைன் டீஃப்ராக் அதை ஒழுங்குபடுத்துமே தவிர விண்டோஸுக்குத் திருப்பித் தராது. சுருக்கியே ஆக வேண்டும் என்றால் முதலில் பேக்கப், அப்புறம் டைரக்டரி சர்வீஸை நிறுத்தி, என்டிடிஎஸ்யூட்டில் என்ற கட்டளைக் கருவி மூலம் வேறு ஃபோல்டருக்கு காம்பாக்ட் செய்து, புது டிட்டைப் பழைய இடத்தில் வைக்க வேண்டும். லாக்குகளைக் கையால் அழிக்கலாம் என்று நான் சொல்லும் ஒரே இடம் இதுதான், அவை பழைய டிட்டுக்கு உரியவை. இந்தச் சுருக்கம் ரெப்ளிகேட் ஆகாது (மற்ற டொமைன் கன்ட்ரோலர்களுக்குத் தானாகப் போகாது), ஒவ்வொரு சர்வரிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். என்னைக் கேட்டால் சில நூறு எம்பிக்காக இதில் இறங்கவே வேண்டாம், அந்தக் காலி இடத்தில்தான் அடுத்த ஆண்டு மாணவர்கள் வந்து உட்காரப் போகிறார்கள்.

டிட்டை மட்டும் பென்டிரைவில் காப்பி எடுத்தால் பேக்கப் ஆகிவிடாதா?

ஆகாது. ஓடும்போது ஃபைல் பூட்டியிருக்கும், எப்படியோ எடுத்தாலும் லாக்கும் ரெஜிஸ்ட்ரியும் இல்லாமல் அதை வைத்து சர்வரை மீட்க முடியாது. சிஸ்டம் ஸ்டேட் பேக்கப் (டிட், லாக், ரெஜிஸ்ட்ரி எல்லாம் சேர்ந்தது) எடுங்கள், அதுவும் டூம்ப்ஸ்டோன் கெடுவுக்குள் எடுத்ததாக இருக்கட்டும். இன்னொன்று, எல்லோருடைய பாஸ்வேர்டு ஹேஷும் (பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்ட குறியீடு) இந்த ஃபைலில்தான். என்க்ரிப்ட் ஆகியிருக்கிறது, உண்மைதான், ஆனால் திறக்கத் தேவையான பூட் கீ அதே சர்வரின் சிஸ்டம் ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து எடுத்தவன் கையில் உங்கள் டொமைனே இருக்கிறது. பென்டிரைவா? வேண்டவே வேண்டாம்.

குரூப் பாலிசியும் இதற்குள்தானா?

பாதி. பாலிசி ஆப்ஜெக்ட் டிட்டில், அதன் ஃபைல்கள் சிஸ்வால் என்ற பகிர்வு ஃபோல்டரில். இரண்டும் வேறு வேறு வழியில் ரெப்ளிகேட் ஆகின்றன, அதனால்தான் சில நேரம் ஒன்று வந்து மற்றது வராமல் நிற்கும்.

விஎம்மில் ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துத் திரும்பப் போகலாமா?

விண்டோஸ் சர்வர் 2012-க்கு முன் அது யூஎஸ்என் ரோல்பேக்கில் (சர்வரின் மாற்ற எண் பின்னோக்கிப் போய் ரெப்ளிகேஷன் குழம்புவது) கொண்டுபோய் விடும். இப்போது ஹைப்பர்வைசர் விஎம் ஜெனரேஷன் ஐடி (ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் மாறும் எண்) தந்தால் சர்வர் அந்த மாற்றத்தைக் கண்டுபிடித்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். ஆனாலும் அதை பேக்கப் என்று எண்ண வேண்டாம்.

ஈவென்ட் லாக்கில் -1018 என்று பிழை வருகிறது. ஈஎஸ்இஎன்டியூட்டில் என்ற டேட்டாபேஸ் கருவியில் ரிப்பேர் போடலாமா?

-1018 என்றால் டிஸ்க்கிலிருந்து படித்த பக்கத்தின் செக்சம் (சரிபார்ப்பு எண்) பொருந்தவில்லை. பெரும்பாலும் குற்றவாளி டிஸ்க், கன்ட்ரோலர் அல்லது அதன் டிரைவர். முதலில் அதைப் பாருங்கள். ரிப்பேர் கட்டளை கெட்ட பக்கங்களைத் தூக்கி எறிந்துவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று சொல்லும், எந்த யூசர் போனார், எந்த இணைப்பு அறுந்தது என்று சொல்லாது. வேறொரு நல்ல டொமைன் கன்ட்ரோலர் இருந்தால் இதைக் கழற்றிவிட்டு, அதன் பெயரில் கிடக்கும் மெட்டாடேட்டாவைத் துடைத்து, புதிதாக ப்ரோமோட் (சர்வரை டொமைன் கன்ட்ரோலராக்குவது) செய்யுங்கள், தரவு ரெப்ளிகேஷனில் தானாக வரும். இருப்பதே ஒரு சர்வர்தான் என்றால் பேக்கப்பிலிருந்து மீட்டுவிட்டு, அந்த வாரமே இரண்டாவது ஒன்றைப் போடுங்கள்.