கங்கைகொண்டான் நிலம்: ஆளில்லா லாரியை நம்பி குடோன் கட்டலாமா?

அண்ணாச்சி, திருநெல்வேலிக்கு அருகே கங்கைகொண்டான் பக்கம் நாலுவழிச் சாலையை ஒட்டின உங்க நிலத்தில் கடன் வாங்கி குடோன் கட்டணும், டிரைவர் இல்லாத லாரி வந்தா வாடகை எகிறும் என்று புரோக்கர் சொல்றதா எழுதியிருந்தீங்க. அதை நம்பிக் கடன் வாங்காதீங்க.

அமெரிக்காவில் அரோரா நிறுவனம் 2025-ல் டல்லாஸுக்கும் ஹூஸ்டனுக்கும் இடையே ஆளில்லா லாரியை ஓடவிட்டது உண்மை. அங்கே டிரைவர் 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு 11 மணி நேரம்தான் ஓட்டலாம். அந்தத் தடை போனால் ஒரே நாளில் சரக்கு போகிற தூரம் கூடும். நெடுஞ்சாலை ஓரம் டிரெய்லரைக் கழற்றி, ஊருக்குள் ஆள் ஓட்டுகிற வண்டியில் மாட்டுவார்கள். அதற்குக் கட்டடத்தைவிட முக்கியமா வேண்டியது, வண்டி நிற்க அகலமான காலி யார்டு.

நம்ம நிலைமை வேற. தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து பெங்களூர் போகிற கன்டெய்னர் அருப்புக்கோட்டை, மதுரை வழியாப் போயிரும், உங்க நிலத்தை எட்டிக்கூடப் பார்க்காது. மத்திய அமைச்சர் நிதின் கட்கரியும் 2023-லேயே டிரைவர் வேலை போகும் என்று ஆளில்லா காரை அனுமதிக்க மாட்டேன்னுட்டார். (நாலுவழியில் எதிர்த்திசையில் வருகிற பைக்கை எந்த கேமராவும் கணிக்காதுங்கிறது என் கருத்து.)

இப்போதைக்கு அங்கே இருக்கிற சிப்காட் தொழிற்பேட்டைக் கம்பெனிகளிடம் பேசுங்க. குத்தகை எழுத்தில் வந்தால் கட்டுங்க. 40 அடி கன்டெய்னர் வண்டி ரிவர்ஸ் எடுக்காமல் திரும்புகிற அளவு முன்னாடி இடம் விடுங்க. அதுக்கும் முன்னால, குளத்துக்குப் போகிற ஓடை நிலத்துக்குள்ள வருதான்னு எஃப்எம்பி என்கிற நில அளவை வரைபடத்தில் பாத்திருங்க.