ஒரே கார்டில் பல வேலை: டிரைவர் எழுதுபவர்களின் கேள்விகளும் பதில்களும்

குன்னூரில் லினக்ஸ் டிரைவர் (கார்டு போன்ற வன்பொருளை இயக்கும் மென்பொருள்) எழுதப் பழகுகிறவர்களோடு உட்கார்ந்து பேசியபோது வந்த கேள்விகளில் சில.

கோத்தகிரி, தேயிலை ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் பார்ப்பவர்: அண்ணா, பச்சை இலை எடை போடும் தராசு சீரியல் போர்ட்டில் இருக்கிறது. ரசீது அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் பேரலல் போர்ட்டில். இரண்டும் கம்ப்யூட்டருக்குள் செருகிய ஒரே பிசிஐ கார்டில். தராசு வேலை செய்கிறது, பிரிண்டர் தெரியவே இல்லை.

பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளையை அடித்தால் அந்தக் கார்டுக்கு ஒரே வரிதான் வருகிறதா? அப்படியென்றால் இரண்டு போர்ட்டும் ஒரே ஃபங்ஷனுக்குள் (ஓஎஸ் தனிச் சாதனமாகப் பார்க்கும் பகுதி) இருக்கின்றன. ஒரு பிசிஐ ஃபங்ஷனை ஒரு டிரைவர்தான் பிடிக்க முடியும். சீரியல் டிரைவர் முந்திக்கொண்டால் பேரலல் டிரைவருக்கு இடமில்லை. இதற்கென்றே லினக்ஸின் மையமான கெர்னலில் பார்போர்ட்_சீரியல் (parport_serial) என்று ஒரு டிரைவர் உண்டு. கார்டைத் தானே பிடித்துக்கொண்டு, இரண்டு பகுதிகளையும் அந்தந்த டிரைவரின் கையில் கொடுத்துவிடும். எல்எஸ்பிசிஐ -கே போட்டு இப்போது யார் பிடித்திருக்கிறார் என்று முதலில் பாருங்கள். உங்கள் கார்டின் ஐடி அதன் பட்டியலில் இல்லையென்றால் சேர்க்க வேண்டியிருக்கும்.

ஊட்டி, கல்லூரி மாணவி: கிராஃபிக்ஸ் கார்டுக்கு மட்டும் 03:00.0, 03:00.1 என்று இரண்டு வரி வருகிறதே சார்?

பஸ், டிவைஸ், ஃபங்ஷன் என்ற வரிசை அது. .0 திரைக்கு, .1 எச்டிஎம்ஐ ஒலிக்கு. ஒரு டிவைஸில் 8 ஃபங்ஷன் வரை வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தன்னைப் பற்றிய விவரம் வைக்கும் தனி கான்ஃபிக் இடம் இருப்பதால் ஓஎஸ் தனித்தனி டிரைவரை ஏற்றிவிடும், நமக்குத் தலைவலி இல்லை. ஆனால் ஃபங்ஷன் 0 இருந்தே ஆக வேண்டும். அதன் கான்ஃபிக் இடத்தில் ஆஃப்செட் 14-இல் உள்ள ஹெடர் வகை பைட்டின் மேல் பிட் 1 ஆக இருக்க வேண்டும். எஃப்பிஜிஏவில் (நம் விருப்பப்படி சுற்று அமைத்துக்கொள்ளும் சிப்) சொந்தமாகக் கார்டு செய்பவர்கள் இந்தப் பிட்டை மறந்துவிட்டு, ஃபங்ஷன் 1 எங்கே போனது என்று தேடுவார்கள். பிட் 0 ஆக இருந்தால் ஓஎஸ் மற்ற ஏழையும் எட்டிப் பார்ப்பதே இல்லை.

கூடலூர், மின்னணுப் பொறியாளர்: மண்சரிவு கண்காணிப்புக்கு எஃப்பிஜிஏ கார்டு செய்கிறேன். சென்சார் அளவை எண்ணாக்கும் ஏடிசி, சீரியல் போர்ட்டுக்கு யுஏஆர்டி, மழைமானிக்கு ஜிபிஐஓ (பொது உள்ளீட்டு-வெளியீட்டு முனை) எல்லாம் ஒரே ஃபங்ஷனில். ஒரே பெரிய டிரைவரா, பிரித்து எழுதுவதா?

பிரியுங்கள். ஆனால் பிரிப்பதற்கு முன்னால், எதெல்லாம் பொது என்று எழுதி வையுங்கள். எஸ்டேட் லைன் வீடுகளில் சமையல் தனித்தனி, தண்ணீர்க் குழாய் ஒன்று. சண்டை வருவது குழாயடியில்தான். உங்கள் கார்டில் குழாயடி என்பது எனேபிள் ரெஜிஸ்டர் (பகுதிகளை இயக்கும் பிட்டுகள்), இன்டரப்ட் ஸ்டேட்டஸ் (‘என்னைக் கவனி’ என்று எழுப்பியது எந்தப் பகுதி என்ற குறிப்பு), ரீசெட், கிளாக்.

எனேபிள் ரெஜிஸ்டரையே எடுத்துக்கொள்வோம். யுஏஆர்டிக்கு 3-ஆம் பிட், ஏடிசிக்கு 0-ஆம் பிட். இரண்டு டிரைவரும் ஒரே நேரத்தில் படிக்கின்றன, இருவருக்கும் 0 கிடைக்கிறது. யுஏஆர்டி 8 என்று எழுதுகிறது, அடுத்து ஏடிசி 1 என்று எழுதுகிறது. மிஞ்சுவது 1; யுஏஆர்டி சத்தமில்லாமல் செத்துவிட்டது. மாதத்துக்கு ஒருமுறை வரும் இந்த மாதிரிப் பிழையைப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதனால் பொதுவானதை, கார்டையே பிடிக்கும் தாய் டிரைவர் மட்டுமே தொட வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் உரிய பிள்ளை டிரைவர்கள் அதனிடம் கேட்டு வாங்கட்டும், உள்ளே ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் லாக் ஒன்று இருக்கட்டும். இன்டரப்டும் அப்படித்தான்: தாய் ஸ்டேட்டஸைப் படித்து உரியவருக்கு அனுப்பட்டும்.

16550 வகை யுஏஆர்டி மாதிரி ஏற்கெனவே டிரைவர் உள்ள பகுதிகள் என்றால், பல வேலைச் சாதனங்களைப் பிரிக்க கெர்னலில் உள்ள எம்எஃப்டி வழி சௌகரியம். பகுதிகள் உங்கள் கார்டுக்கே உரியவை என்றால் பிரிப்பதற்கான இன்னொரு வழி ஆக்ஸிலியரி பஸ், லினக்ஸ் 5.11-இல் வந்தது. நான் பின்னதையே எடுப்பேன். எதுவானாலும் தாய்–பிள்ளை உறவைச் சரியாகப் பதிவு செய்யுங்கள். சஸ்பெண்டில் பிள்ளைகள் முதலில், தாய் கடைசியில், ரெஸ்யூமில் தலைகீழ் என்ற வரிசையை கெர்னலே பார்த்துக்கொள்ளும்.

குன்னூர்: “நோபடி கேர்டு” என்று பதிவில் வந்து இன்டரப்ட் நின்றுவிடுகிறது.

ஒரு லைனில் 1,00,000 இன்டரப்ட் வந்து, அதில் 99,900-க்கு மேல் யாரும் ‘என்னுடையது’ என்று சொல்லவில்லையென்றால் கெர்னல் அந்த லைனையே அடைத்துவிடும். உங்கள் கார்டு எழுப்பியதை உங்கள் ஹேண்ட்லர் (டிரைவரில் இன்டரப்டைக் கவனிக்கும் பகுதி) கண்டுகொள்ளவில்லையா என்று பாருங்கள். தப்பிக்க எல்லாவற்றுக்கும் ‘ஹேண்டில்டு’ என்று திருப்பினால் செய்தி மறையும், கோளாறு அப்படியே இருக்கும்.

கோத்தகிரி: விண்டோஸில் இப்படிப் பகுதிகளைப் பிரித்துக் கொடுப்பது யார்?

யுஎஸ்பி கூட்டுச் சாதனமென்றால் யுஎஸ்பிசிசிஜிபி என்ற தாய் டிரைவர் கூடவே வருகிறது. இன்டர்ஃபேஸ்களைப் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை.

ஊட்டி: கிராஃபிக்ஸ் கார்டின் ஒலியை மட்டும் விர்ச்சுவல் மெஷினுக்குக் கொடுக்கலாமா?

பெரும்பாலும் முடியாது. ஃபங்ஷன்களுக்கு நடுவே தடுப்பு இருக்கிறது என்று கார்டு ஏசிஎஸ் (பிசிஐ-யின் அணுகல் கட்டுப்பாட்டு வசதி) மூலம் உறுதி சொல்லாவிட்டால், லினக்ஸ் இரண்டையும் ஒரே ஐஓஎம்எம்யு குழுவில் (பிரித்துக் கொடுக்க முடியாதவை என்று கருதும் தொகுப்பு) வைக்கும். ஒன்றைக் கொடுத்தால் மற்றதையும் வெளியே உள்ள ஓஎஸ்ஸின் வழக்கமான டிரைவரிடமிருந்து விடுவிக்க வேண்டும்; அதனால் வழக்கமாக .0, .1 இரண்டையும் சேர்த்தே கொடுப்பார்கள்.