‘ஐ ஈட் அலோன்’ என்றவரிடம் நீங்கள் கேட்காத கேள்வி

கேள்வி: பெரியவர்களுக்கு மாலையில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு எடுக்கிறேன். பன்னிரண்டு பேர். இப்போது அன்றாட வேலைகளைப் பற்றிப் பேசும் பாடம். எழுவது, குளிப்பது, வேலைக்குப் போவது என்று எல்லாரும் அழகாக ஒப்பிக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு நிமிடம் பேசுங்கள் என்றால் வாயடைத்துப் போகிறார்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் விடாமல் திருத்துகிறேன், பயனில்லை. (போன வாரம் வயதில் மூத்த ஒருவர் ‘ஐ ஈட் அலோன்’ என்றார். ‘யூஷுவலி’ சேர்த்து முழு வாக்கியமாகச் சொல்லுங்கள் என்றேன். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.) பேச வைக்க நல்ல பயிற்சி இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: டீச்சர், இந்தக் கடிதம் வேறு வேறு கையெழுத்தில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. பயிற்சி அப்புறம். முதலில் அந்த அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் பேசுவோம்.

ஒரு மனிதர், தனக்குச் சரியாக வராத மொழியில், பதினொரு பேர் முன்னால், தான் தனியாகச் சாப்பிடுவதாகச் சொல்கிறார். மூன்றே சொல். எழுவாய் இருக்கிறது, வினை இருக்கிறது, தவறே இல்லை. நீங்கள் திருப்பிக் கொடுத்தது ஒரு வினையடை. அதுவாவது சரியா? ‘யூஷுவலி’ என்றால் சில நாளாவது யாரோ கூட உட்காருகிறார்கள் என்று அர்த்தம். ‘ஆல்வேஸ்’ என்றால் ஒரு நாளும் யாரும் இல்லை. இவருக்கு எது என்று கேட்டீர்களா? கேட்காமலே அவர் வாயில் ஒரு சொல்லைத் திணித்து, அவர் வாழ்க்கையையே மாற்றி எழுதிவிட்டீர்கள். பாவம், அவரும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு இதில் ஒரு பிடிவாதம் உண்டு. வயதான ஒருவர் தினமும் தனியாகச் சாப்பிடுகிறார் என்றால் அந்த வீட்டில் யாரோ தன் கடமையிலிருந்து நழுவியிருக்கிறார்கள். வேலை, தூரம், நேரமில்லை என்று எல்லாக் காரணத்தையும் கேட்டாயிற்று. ஒன்றும் எனக்குச் செல்லாது. அவருடைய பிள்ளைகளைத் திட்டலாம் என்றால் முகவரி இல்லை, நீங்கள் கிடைத்தீர்கள். ஒருவேளை அவருக்குத் தனிமைதான் பிடிக்குமோ, இரவு வேலைக்குப் போகிறவரோ? எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது என்பதுதான் என் புகார்.

இதையே தாய்மொழியில் ஒருவர் சொன்னால் ‘ஏன், வீட்டில் யாரும் இல்லையா?’ என்று வாய் தானாகக் கேட்கும். உங்கள் வகுப்பில் இல்லாதது அந்த வாக்கியம்தான். பன்னிரண்டு பேருக்கும் பதில் சொல்லத் தெரிகிறது, கேட்கத் தெரியவில்லை. அங்கே கேள்வி கேட்கிற ஒரே ஆள் நீங்கள்தானே! ஆங்கிலத்தில் கேள்வி கொஞ்சம் கஷ்டமும்கூட. தமிழில் வினையின் கடைசியில் ஓர் ‘ஆ’வை ஒட்டினால் வேலை முடிந்தது. அங்கே எங்கிருந்தோ ஒரு ‘டூ’வைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்த வேண்டும், ஆள் மாறினால் அது ‘டஸ்’ ஆகும், உடனே வினையின் வாலில் இருந்த ‘எஸ்’ காணாமல் போகும். ஒரு வாரம் முழுக்க இதையே பழக்கினாலும் தகும்.

செய்தி சொல்வதற்காக இல்லாமல் உறவைப் பிடித்து வைத்துக்கொள்வதற்காகவே மனிதர்கள் பேசும் பேச்சு ஒன்று உண்டு என்று மாலினோவ்ஸ்கி என்ற மானுடவியலாளர் 1923-இல் எழுதினார். எத்தனை மணிக்கு எழுந்தாய் என்று கேட்பது மணியைத் தெரிந்துகொள்வதற்கா?

சரி, திருத்தம். ‘ஐ வில் கெட் அப் அட் சிக்ஸ்’ என்று தினசரிப் பழக்கத்தைச் சொல்கிறார்களா? அது கவனக்குறைவு இல்லை. நாம் பழக்கத்தை ‘ஆறு மணிக்கு எழுவேன்’ என்று சொல்கிறவர்கள். அந்த ‘வேன்’தான் ‘வில்’ ஆகி நிற்கிறது. இதை ஒரு முறை பலகையில் எழுதி விளக்கினால் போதும், ஆளுக்கு ஆள் குறுக்கே விழ வேண்டாம். ‘ஷீ ஈட்ஸ்’ என்பதில் வரும் ‘எஸ்’ இன்னும் பிடிவாதக்காரி. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கற்ற மூன்று குழந்தைகளின் பேச்சைப் பின்தொடர்ந்து ரோஜர் பிரவுன் என்ற உளவியலாளர் 1973-இல் எழுதினார்: ‘ஈட்டிங்’ என்பதில் வரும் ‘இங்’ முதலிலேயே வந்துவிடுகிறது, இந்த ‘எஸ்’ பிந்தித்தான் வருகிறது. அந்த வீட்டுக் குழந்தைக்கே பிந்தி வருவதற்கு, வேலை முடிந்து களைத்து வருகிறவரின் பேச்சை நடுவில் வெட்டுகிறீர்கள்.

பயிற்சி கேட்டீர்களே, இந்தாருங்கள். இரண்டிரண்டு பேராக உட்காரட்டும். ஒருவர் தன் நாளைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், அதுவும் உண்மையாக. மற்றவர் அதைப் பிடித்துக்கொண்டே மூன்று கேள்வி கேட்க வேண்டும். அடுத்த விஷயத்துக்குத் தாவக் கூடாது. நான் வகுப்பு எடுத்த காலத்தில் ஓர் அம்மா ‘ஐ வாஷ் பிளேட்ஸ் அட் லெவன் நைட்’ என்றார். ‘ஒய் லெவன்?’ என்றாள் பக்கத்தில் இருந்த பெண். ‘மை சன் கம் லேட்.’ ‘யூ வெயிட்?’ ‘எவரி டே.’ அந்தப் பெண் தன் பேனாவை மூடி வைத்துவிட்டாள். அப்புறம் நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. ‘எவரி டே’ எங்கிருந்து வந்தது பாருங்கள். யாரும் சேர்க்கச் சொல்லவில்லை. பேசி முடித்ததும் கேட்டவர் எழுந்து, பேசியவரைப் பற்றி வகுப்புக்குச் சொல்லட்டும். ‘எஸ்’ஸுக்கு அப்போது வேலை வரும்.

நீங்களும் கேட்டுவிட்டுக் கொஞ்சம் சும்மா இருக்கப் பழகுங்கள். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970-களில் அறிவியல் வகுப்புகளின் பதிவுகளைக் கேட்டுப் பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருந்தது சராசரியாக 1 விநாடி. அதை 3 விநாடிக்குக் கொஞ்சம் மேலே இழுத்ததும் மாணவர்களின் பதில் நீண்டது. மனதுக்குள் மொழிபெயர்த்துப் பேசுகிறவருக்கு அந்த 3 விநாடியும் போதாது.

அடுத்த வகுப்பில் அந்தப் பெரியவரை எழுப்பி நிறுத்தாதீர்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்து ‘ஹூ குக்ஸ்?’ என்று கேளுங்கள். ‘மை டாட்டர் குக்’ என்று பதில் வந்தால், விட்டுப்போன ‘எஸ்’ போகட்டும், மகளைப் பற்றிக் கேளுங்கள்.