கோப்பில் கோளாறு இல்லை, வழியைப் பாருங்கள்

கேள்வி: பிரிக்பீல்ட்ஸில் சின்னதாகக் கணக்கு அலுவலகம் நடத்துகிறேன். உபுண்டு சர்வர். புதிதாக வந்த கிராணியைக் 'கணக்கு' குழுவில் சேர்த்தாயிற்று. ஆனாலும் என் ஹோம் போல்டரில் உள்ள பில் கோப்பை அவர் திறந்தால் 'பெர்மிஷன் டினைட்' என்கிறது. அவருக்கு என்ன அனுமதி இருக்கிறது என்று கமாண்ட் லைனில் எப்படிப் பார்ப்பது? பேசாமல் 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) போட்டுவிடலாமா?

பதில்: 777 வேண்டாம். சர்வரில் கணக்கு வைத்திருக்கும் யாரும் பில்லைத் திருத்தலாம் என்றாகிவிடும்.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் எழுதுகிறேன்; தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள். கிராணியின் பயனர் பெயர் கவி என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் 'ஐடி கவி'. அவர் எந்தெந்தக் குழுவில் இருக்கிறார் என்று வரும். அப்புறம் கவியின் திரையிலேயே பெயர் போடாமல் வெறும் 'ஐடி' தட்டச் சொல்லுங்கள். முதலாவது பதிவேட்டைப் பார்த்துச் சொல்வது, இரண்டாவது இப்போது ஓடும் லாகினைப் பார்த்துச் சொல்வது. முதலாவதில் 'கணக்கு' இருந்து இரண்டாவதில் இல்லையென்றால், கவி ஒருமுறை லாக் அவுட் செய்து திரும்ப வந்தால் போதும்.

இரண்டிலும் இருக்கிறதா? சரி, கோப்பை 'எல்எஸ் -எல்' போட்டுப் பாருங்கள். முதல் எழுத்தை விட்டால் மூன்று மூன்றாக ஒன்பது இடம்: உரிமையாளர், குழு, மற்றவர். ஆர் படிக்க, டபிள்யூ எழுத, எக்ஸ் இயக்க. போல்டரில் மட்டும் எக்ஸ் என்றால் உள்ளே நுழைய அனுமதி.

உங்கள் சிக்கல் அங்கேதான் என்று நினைக்கிறேன். கொண்டோவில் வீட்டுச் சாவி கையில் இருந்தாலும் கார்டு இல்லாமல் லிப்ட் ஏற விடாது அல்லவா? அப்படித்தான் இதுவும். 'நேம்ஐ -எல்' என்று போட்டு, கோப்பின் முழுப் பாதையையும் கொடுங்கள். வழியில் உள்ள ஒவ்வொரு போல்டரின் அனுமதியும் வரிசையாக வரும். உபுண்டு 21.04 முதல் புதிய ஹோம் போல்டர்கள் 750 (உரிமையாளருக்கு எல்லாம், குழுவுக்குப் படிக்கவும் நுழையவும், மற்றவருக்கு ஒன்றுமில்லை) என்றுதான் உருவாகின்றன. அந்த வரியில் மற்றவருக்கான இடத்தில் மூன்று கோடுதான் இருக்கும். ஹோம் போல்டரின் குழு வழக்கமாக உங்கள் சொந்தக் குழு, 'கணக்கு' இல்லை; அதனால் அங்கே கவி 'மற்றவர்'தான். கோப்பு திறந்தே இருந்தாலும் அவர் அந்த வாசலைத் தாண்ட முடியாது.

ஹோமைத் திறந்துவிடாதீர்கள். பில் போல்டரை எஸ்ஆர்வி-க்கு (ஹோமுக்கு வெளியே உள்ள சிஸ்டம் போல்டர்) கீழே மாற்றி, உள்ளே உள்ள கோப்புகளோடு சேர்த்துக் குழுவைக் 'கணக்கு' ஆக்கி, போல்டருக்கு மட்டும் 2770 கொடுங்கள். 770 என்றால் உரிமையாளருக்கும் குழுவுக்கும் முழு அனுமதி, மற்றவருக்கு ஒன்றுமில்லை. முன்னால் உள்ள 2, அதற்குள் புதிதாக உருவாகும் கோப்பையும் அதே குழுவில் சேர்க்கும்.

குழுவில் சேர்க்க 'யூசர்மாட்' பயன்படுத்தியிருந்தால், '-ஏஜி' (ஜி மட்டும் பெரிய எழுத்து) போட்டீர்களா என்று பாருங்கள். அந்தச் சிறிய ஏ விட்டுப்போனால் பழைய துணைக் குழுக்கள் எல்லாம் போய்விடும். நானே ஒருமுறை இப்படி என்னைச் சூடோ குழுவிலிருந்து (நிர்வாகி அதிகாரம் தரும் குழு) வெளியேற்றிக்கொண்டு, ரிகவரி மோடில் போய்த்தான் மீண்டேன்.

கடைசியாக, 'சூடோ -எல் -யூ கவி' என்று தட்டுங்கள். யூ மட்டும் பெரிய எழுத்து. கவிக்குச் சூடோ அனுமதி இல்லை என்று பதில் வந்தால் நல்லது. பில் பார்க்கிறவருக்கு அது தேவையே இல்லை.