சர்வரில் இடம் போதவில்லை: 8 டெராபைட் டிஸ்க் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் போட்டோ ஸ்டூடியோவில் சின்ன லினக்ஸ் சர்வர் ஒன்று இருக்கிறது. 4 டெராபைட் டிஸ்க் மூன்று போட்டு ரெய்டு 5 செய்திருக்கிறோம். கல்யாணப் படங்கள் சேர்ந்து சேர்ந்து இடம் நிரம்பிவிட்டது. இன்னொரு டிஸ்க் மாட்ட இடம் உண்டு. 8 டெராபைட் டிஸ்க் ஒன்று மாட்டினால் முழுசாக 8 கூடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: சர்வருக்குள் மாட்டத்தான் என்றால் வேண்டாம். ரெய்டு 5 என்பது பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று செத்தாலும் படங்கள் போகாமல் காக்கும் முறை. அதில் இருப்பதிலேயே சின்ன டிஸ்க்கின் அளவுதான் எல்லா டிஸ்க்குக்கும் கணக்கு. 8 வாங்கினாலும் அதில் 4 சும்மா கிடக்கும். ஒரு டிஸ்க் அளவு இடம் பாரிட்டிக்கு, அதாவது செத்த டிஸ்க்கில் இருந்ததை மீட்க உதவும் கணக்குக்கு, போய்விடுவதால் இப்போது உங்களுக்கு இருப்பது 8 டெராபைட். நாலாவதாக 4 டெராபைட் மாட்டினால் 12. 8 மாட்டினாலும் அதே 12தான். எல்லா டிஸ்க்கையும் ஒவ்வொன்றாக 8-க்கு மாற்றும் திட்டம் இருந்தால் மட்டும் கடைக்காரர் சொல்வதில் அர்த்தம் உண்டு.

4 டெராபைட் வாங்கும்போது மாடல் எண்ணைப் பாருங்கள். எஸ்.எம்.ஆர் வகை டிஸ்க்கில் தடங்கள் கூரை ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒன்றைத் திருத்தி எழுதினால் பக்கத்தில் உள்ளவற்றையும் திரும்ப எழுத வேண்டும். சாதாரண நாட்களில் இது தெரியாது. ரெய்டை விரிக்கும்போதோ, செத்த டிஸ்க்குக்குப் பதில் புதிதை மாட்டி ரீபில்டு செய்யும்போதோ மணிக்கணக்கில் இடைவிடாமல் எழுதும்போதுதான் வேகம் படுத்துவிடும். டிஸ்க் செத்துவிட்டது என்று நினைத்து ரெய்டு அதைக் கழற்றிவிடவும் கூடும். வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரை இந்த வகை சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்திருந்தது 2020-இல் வெளியே வந்தது. காசு கொடுத்து வாங்குகிறவருக்கு அதைப் பெட்டியிலேயே சொல்லியிருக்க வேண்டும். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சி.எம்.ஆர் டிஸ்க்குகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப்பெயர் வந்தது. அதையோ சீகேட் அயர்ன்உல்ஃபையோ கேளுங்கள். மாடல் எண் இ.எஃப்.ஏ.எக்ஸ் என்று முடியும் பழைய 4 டெராபைட் ரெட்டைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

பில்லில் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள். கம்பெனி தளத்தில் அதைப் போட்டால் வாரண்டி எதுவரை என்று தெரிந்துவிடும். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் ஸ்மார்ட்கன்ட்ரோல் (smartctl) கட்டளையில் டிஸ்க் ஓடிய மணி நேரத்தையும் பாருங்கள். அது மட்டும் போதாது: பல ஆயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகளின் கணக்கைப் பூஜ்யமாக்கிப் புதுசு என்று சிலர் விற்றது 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் அம்பலமானது. சீகேட் என்றால் டிஸ்க் தனியாக வைத்திருக்கும் ஃபார்ம் (FARM) பதிவையும் சேர்த்துப் பாருங்கள். குட்டு உடைந்ததே அதை வைத்துத்தான்.

மாட்டியதும், லினக்ஸில் ரெய்டை நடத்தும் எம்டிஆட்மில் (mdadm) ரெய்டை விரிக்கும் குரோ (grow) கட்டளை கொடுத்து முடியும்வரை விடுங்கள், ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அப்புறம் ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஃபைல் சிஸ்டத்தையும் தனியாக விரிக்க வேண்டும். இதை மறந்துவிட்டு இடமே கூடவில்லை என்று டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் உண்டு. திரையில் 12-க்குப் பதில் 10.9 என்று வந்தால் ஏமாற்று இல்லை. கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, லினக்ஸ் 1024-ஆல்.

இதையெல்லாம் தொடங்கும் முன் பேக்கப் இருக்கிறதா? ரெய்டு பேக்கப் ஆகாது. தவறி அழித்த ஃபோல்டரை அது திருப்பித் தராது, ஒரு கல்யாணத்தை மறுபடி படம் எடுக்கவும் முடியாது. கடைக்காரர் காட்டிய அந்த 8 டெராபைட்டை வெளியே வைக்கும் டிஸ்க்காக வாங்குங்கள். இப்போது இருப்பதெல்லாம் அதில் அடங்கிவிடும். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் இந்த மாதம் இதை வாங்கிப் படங்களை நகலெடுத்து வீட்டில் வையுங்கள், 4 டெராபைட் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.